கிருஷ்ணகிரி வெயிலில் டர்போ காரை ட்யூன் செய்வது: பவர் கடைசியில்தான்

ரீமேப் என்றால் எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரில் (ஈசியு) இருக்கும் கணக்கை, அதாவது மேப்பை, மாற்றி எழுதுவது. அதைச் செய்யப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, எவ்வளவு பவர் ஏறும் என்றுதான். நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு. மே மாதம் மதியம் இரண்டு மணி, வண்டியில் நாலு பேர், ஏசி ஓடுகிறது, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஏறிக்கொண்டிருக்கிறோம். ஏறிய பவரில் அப்போது எவ்வளவு மிச்சம் இருக்கும்? வண்டியை உருளைமேல் ஓடவிட்டுப் பவரை அளக்கும் டைனோவில் அச்சடித்துக் கொடுக்கும் தாளில் இதற்குப் பதில் இருக்காது. ஏசி போட்ட அறைக்குப் பக்கத்தில், பெரிய ஃபேன் காற்றில் எடுத்த எண் அது. நாம் ஓட்டுவது இங்கே, இந்த வெயிலில்.

என்னிடம் இருப்பது 2021 போலோ 1.0 டிஎஸ்ஐ, ஆறு கியர் மேனுவல். மூன்று சிலிண்டர், 999 சிசி, கம்பெனி கணக்கில் 110 பிஎஸ், 175 என்எம். வேலைக்காக வாரத்தில் மூன்று நாள் ஓசூர், மாதம் இரண்டு தடவை தர்மபுரி வழியாகச் சேலம். கீழே சொல்லும் எண்கள் இந்த வண்டியை வைத்துதான், ஆனால் வரிசை எந்தச் சின்ன டர்போ பெட்ரோல் வண்டிக்கும் பொருந்தும். நெக்ஸான், வென்யூ, டைகுன் எதுவாக இருந்தாலும் சரி.

முதலில் நம்ம ஊர்க் கணக்கு ஒன்று. தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன, ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர். கடற்கரையில் காற்றழுத்தம் 1013 மில்லிபார் என்றால் ஓசூரில் 910ஐ ஒட்டித்தான் இருக்கும். டர்போ, அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி, இல்லாத வண்டி இந்தக் குறைவை அப்படியே பவரில் இழந்துவிடும். டர்போ வண்டி இழக்காது, ஏனென்றால் ஈசியு பார்ப்பது மொத்த அழுத்தத்தை. 2000 மில்லிபார் வேண்டும் என்று மேப்பில் எழுதியிருந்தால், சென்னையில் டர்போ காற்றை இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாக அழுத்தினால் போதும், ஓசூரில் 2.2 மடங்கு அழுத்த வேண்டும். அதற்கு டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். இவ்வளவு சின்ன டர்போக்கள் ஏற்கெனவே நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றைத் தாண்டிப் போகிறவை.

வேகமாகச் சுற்றினால் காற்று சூடாகும். வெளியே 40 டிகிரி, அழுத்தம் இரண்டு மடங்கு, டர்போவின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், டர்போவை விட்டு வெளியே வரும் காற்று 135 டிகிரிக்கு மேல் இருக்கும். அதே வேலையை 25 டிகிரி குளிரில் செய்தால் 120க்குள் நின்றுவிடும். இந்தச் சூட்டை இன்டர்கூலர் இறக்கித் தர வேண்டும். இறக்க முடியாவிட்டால் பெட்ரோல் கலவை சுடர் வந்து சேரும் முன்பே தானாக வெடிக்கப் பார்க்கும், அதுதான் நாக்கிங். நாக் சென்சார் அதைக் கேட்ட உடனே ஈசியு இக்னிஷன் டைமிங்கைப் பின்னால் இழுக்கும், அதாவது பொறியைத் தாமதப்படுத்தும் (ரிடார்ட்), பவர் போய்விடும். காசு கொடுத்து ஏற்றியதை வெயில் திரும்ப எடுத்துக்கொள்வது இப்படித்தான். அதனால் இந்த மாவட்டத்தில் ட்யூனிங் என்றால் முதல் வேலை சூட்டைக் குறைப்பது, இரண்டாவது வேலை வண்டியை நிறுத்துவது, பவர் அதற்கப்புறம்.

வண்டியின் உடம்பு

ரீமேப் செய்வதற்கு முன் வண்டி கம்பெனி நிலையில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். 60,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியின் மேல் புது மேப்பைப் போடுவது, ஜுரத்தோடு இருப்பவனை ஓடச் சொல்வது மாதிரி.

ஆயில் முதலில். எங்கள் வண்டிக்குக் கம்பெனி சொல்லும் இடைவெளி 15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், ரீமேப் செய்த வண்டிக்கு நான் 7,500க்கு மேல் விடமாட்டேன். எந்த ஆயில் என்று கேட்டால், உங்கள் மேனுவலில் இருக்கும் அங்கீகார எண் டப்பாவின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். கூடவே ஏபிஐ எஸ்பி தரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2020ல் வந்த தரம் அது. சின்ன டர்போ எஞ்சின்களில் குறைந்த ஆர்பிஎம்மில், ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் கோளாறு ஒன்று உண்டு. சாதாரண நாக்கிங்கைவிட மோசம், ஒரே அடியில் பிஸ்டனை உடைத்துவிடும். எஸ்பி தர ஆயில்கள் இந்தக் கோளாறுக்கும் சேர்த்துச் சோதிக்கப்பட்டவை.

அப்புறம் ஸ்பார்க் பிளக். மூன்றையும் கழற்றி வரிசையாக வையுங்கள், எது எந்த சிலிண்டர் என்று மறக்காமல். மூன்றும் ஒரே நிறத்தில், லேசான பழுப்பில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கறுத்திருந்தாலோ வெள்ளையாக வெளுத்திருந்தாலோ அந்த சிலிண்டரில் ஏதோ இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் மேலே போகாதீர்கள். பீங்கானில் முடி போல ஒரு கீறல் இருந்தால்கூட, டர்போ தரும் அழுத்தம், அதாவது பூஸ்ட், ஏறும்போது தீப்பொறி அந்த வழியாகத் தப்பிவிடும். ரீமேப்புக்குப் புது பிளக் போடும்போது இடைவெளியைக் கொஞ்சம் குறைப்பார்கள், 0.6 மில்லிமீட்டரை ஒட்டி, ஏனென்றால் அழுத்தம் கூடினால் பொறி தாண்டுவது கஷ்டம். எஞ்சின் ஆறிய பிறகு, டார்க் ரென்ச் வைத்து முடுக்குங்கள். கைக்கணக்கு இங்கே வேண்டாம், அலுமினியம் ஹெட்டில் மரை போனால் செலவு ரீமேப்பைவிட அதிகம்.

மூன்றாவது பூஸ்ட் கசிவு. டர்போவிலிருந்து த்ராட்டில் வரைக்கும் போகும் ஹோஸ்களில் எங்காவது காற்று கசிந்தால், ஈசியு கேட்ட அழுத்தம் வராமல் டர்போவை இன்னும் விரட்டும். மிதிக்கும்போது ஸ்ஸ் என்று சத்தம் வந்தால் சந்தேகப்படுங்கள். புகை மெஷின் வைத்திருக்கும் கடையில் பத்து நிமிட வேலை, ஹோஸ் வழியாகப் புகையை அனுப்பினால் ஓட்டை இருக்கும் இடத்தில் வெளியே வரும். என் வண்டியில் ஒரு கிளிப் அரைச் சுற்று தளர்ந்திருந்தது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, விரலால் தடவியபோதுதான் ஹோஸ் ஓரத்தில் ஆயிலும் தூசியும் சேர்ந்து மெழுகு மாதிரி ஒட்டியது. ஆயில் கசிந்து தூசி பிடித்த இடம் என்றால் காற்றும் அங்கே கசிகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பேட்டரி, கூலன்ட், காயில் இவையெல்லாம் சொல்லாமலே தெரியும், பார்த்துவிடுங்கள்.

பிரேக்கும் டயரும், அதாவது தொப்பூர்

தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் முழுக்க இறக்கம். இரட்டைப் பாலம் பக்கத்தில் எத்தனை விபத்துகள் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கும் லாரிகள், பிரேக் சூடேறி நிற்காமல் வரும் லாரிகள். உங்கள் வண்டியில் தப்பே இல்லாவிட்டாலும், முன்னால் ஒரு நொடியில் பாதை மறிக்கப்படும் இடம் அது. அங்கே காப்பாற்றுவது கூடுதலாக ஏற்றிய 30 குதிரைத் திறன் அல்ல.

பிரேக் ஃப்ளூயிட் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஃப்ளூயிட் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் அதே தரத்தின் குறைந்தபட்ச எல்லை 155தான். டாட் 5.1 என்றால் 260, 180. கொதித்தால் குழாயில் ஆவி சேரும், ஆவியை அழுத்தலாம், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்குத்தான், மலை இறங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை மாற்றலாம். டாட் 5 என்று தனியாக ஒன்று உண்டு, அது சிலிக்கோன், இதோடு கலக்கக் கூடாது, பெயர் ஒட்டி வருகிறது என்று கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டால் கவனமாக இருங்கள்.

நான் ரீமேப்புக்கு முன்பே முன் சக்கரத்துக்கு நல்ல பேடு, புது ஃப்ளூயிட், புது டயர் மூன்றையும் போட்டேன். என் வண்டியில் வந்தது 195/55 ஆர்16. 205/50 ஆர்16 போட்டால் சக்கரத்தின் மொத்த உயரம் ஒன்றரை சதவீதம்தான் குறையும், ஸ்பீடோமீட்டர் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். அதற்கு மேல் அகலம் போட்டு உள்ளே உரசவிட வேண்டாம். டயர் வாங்கும்போது பக்கச் சுவரில் நாலு இலக்கம் பாருங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1422 என்றால் 2022ல் பதினாலாவது வாரம். கடையில் மூன்று வருடம் படுத்திருந்த டயரைப் புது டயர் விலைக்கு வாங்காதீர்கள்.

இறங்கும்போது மூன்றாம் கியரில் எஞ்சினே பிடித்துக்கொள்ளட்டும். பிரேக்கைத் தொடர்ந்து லேசாக அழுத்திக்கொண்டே போகாமல், உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்து விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில்தான் டிஸ்க் ஆறும்.

லாக் எடுப்பது

லாக் என்றால் ஓடும்போது எஞ்சின் காட்டும் எண்களைப் பதிவு செய்வது. இதைச் செய்யாமல் ரீமேப் செய்யவே வேண்டாம் என்பேன். ஓபிடி போர்ட்டில் (ஸ்கேனர் மாட்டும் இடம்) மாட்டும் ஒரு நல்ல ரீடர், போனில் ஒரு ஆப், இவ்வளவுதான் செலவு. வாங்கும்போது உங்கள் வண்டிக்கு ஒவ்வொரு சிலிண்டரின் டைமிங் ரிடார்டையும் தனித்தனியாகக் காட்டுமா என்று கேட்டு வாங்குங்கள். மலிவு ரீடர்கள் பலதும் பொதுவான ஐந்தாறு எண்களோடு நின்றுவிடும்.

பார்க்க வேண்டியவை: ஆர்பிஎம், கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், மானிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்) நுழையும் காற்றின் வெப்பம், மூன்று சிலிண்டரின் ரிடார்ட், லாம்டா (காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதம்), பெட்ரோல் ரெயிலின் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) கேட்ட அழுத்தம், கிடைத்த அழுத்தம். கேட்டதும் கிடைத்ததும் ஒன்றோடொன்று ஒட்டிப் போனால் வண்டி ஆரோக்கியம். பூஸ்ட் கேட்டதைவிடக் குறைந்தால் கசிவு, ரெயில் அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் பம்ப் திணறுகிறது. ரிடார்ட் அங்கங்கே ஒன்றிரண்டு டிகிரி வந்து போவது சகஜம். ஒரே சிலிண்டரில் தொடர்ந்து நாலு ஐந்து டிகிரிக்கு மேல் நின்றால் அது எச்சரிக்கை.

எங்கே எடுப்பது? முழு இழுப்பு, அதாவது மூன்றாம் கியரில் அடியிலிருந்து ரெட்லைன் வரை, டைனோவில் அல்லது ரேஸ் டிராக்கில் மட்டும். கோயம்புத்தூர் காரி மோட்டார் ஸ்பீட்வேயும் சென்னை இருங்காட்டுக்கோட்டையும் நம்மிடமிருந்து ஒரு காலைப் பயணம்தான், டிராக் டே நடக்கும் நாளில் பணம் கட்டிப் போகலாம். ரோட்டில் எனக்கு வேண்டியது வேறு லாக், சூட்டு லாக். கிருஷ்ணகிரி தாண்டி குருபரப்பள்ளி, மேலுமலை, சூளகிரி என்று ஏறும் பாதையில் சாதாரண வேகத்தில், ஐந்தாம் கியரில், லாரிகளைத் தாண்டும்போது மட்டும் மிதித்து எடுப்பது. ஸ்பீடோமீட்டர் 100ஐத் தொடுவதற்குள் காலை எடுத்துவிடுங்கள். பக்கத்தில் ஒருவர் போனைப் பார்க்கட்டும், நீங்கள் ரோட்டைப் பாருங்கள். கம்பெனி மேப்பில் ஒரு தடவை, ரீமேப் செய்தபின் ஒரு தடவை, அதே இடம், கிட்டத்தட்ட அதே வெயில்.

பெட்ரோல்

இங்கே ஒரு தப்பு எல்லோரும் செய்கிறார்கள். 100 ஆக்டேன் (நாக்கிங்கை எதிர்க்கும் அளவு) பெட்ரோலுக்கு மேப் எழுதச் சொல்லி, தாளில் பெரிய எண் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். அந்தப் பெட்ரோல் எல்லா பங்கிலும் கிடைக்காது. ஞாயிறு ராத்திரி ஊரிலிருந்து திரும்பும்போது, பாலக்கோட்டிலோ காவேரிப்பட்டணத்திலோ திறந்திருக்கும் பங்கில் என்ன ஊற்றுகிறார்களோ அதுதான் உங்கள் பெட்ரோல். அதற்கு மேப் எழுதச் சொல்லுங்கள். பிரீமியம் கிடைக்கும்போது ஊற்றினால் அது கூடுதல் பாதுகாப்பு.

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் நாக்கிங்குக்கு நல்லதுதான், ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும். ஆனால் அதே காற்றுக்கு அதிக பெட்ரோல் கேட்கும். சாதாரண பெட்ரோலுக்கு ஒரு பங்கு எரிபொருளுக்கு 14.7 பங்கு காற்று என்றால், இதற்கு 13.5ஐ ஒட்டி. ஈசியு இதைத் தானாகச் சரிசெய்துகொள்ளும், அதற்கும் எல்லை உண்டு, மைலேஜும் குறையும். பழைய பெட்ரோலில் எழுதிய மேப் என்றால் ட்யூனரிடம் லாக் அனுப்பி ஃப்யூயல் ட்ரிம், அதாவது ஈசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு, எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வண்டி நாலைந்து மாதம் நிற்கப் போகிறது என்றால் டேங்கைப் பாதியாக விட்டு வைக்காதீர்கள்.

மேப்பில் என்ன கேட்க வேண்டும்

ட்யூனர் பெரிய ஆளாக இருக்கலாம், ஆனால் வண்டியை அவர் ஓட்டப்போவதில்லை. என்ன வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் கேட்டது இவை.

முதலில், அடி ஆர்பிஎம்மில் டார்க்கை (இழுவிசையை) அள்ளிக் கொட்ட வேண்டாம். ஸ்டேஜ் 1 மேப்பில், அதாவது பாகம் எதையும் மாற்றாமல் எழுதும் மேப்பில், எல்லோருக்கும் பிடிப்பது 1,800 ஆர்பிஎம்மில் முதுகைத் தள்ளும் அந்த உதைதான். ஆனால் கிளட்ச் தேய்வதும், கனெக்டிங் ராட் வளைவதும், முன்பு சொன்ன அந்த முன்பற்றலும் நடப்பது அதே இடத்தில். 2,500 வரை மெதுவாக ஏறி, அதற்கப்புறம் 5,500 வரை அப்படியே நிற்கட்டும் என்றேன். ஓட்டுவதற்குக் கம்பெனி வண்டி மாதிரிதான் இருக்கும், ஆனால் லாரியைத் தாண்டும்போது மூன்றாம் கியரில் ஓய்வில்லாமல் இழுக்கும். இந்த வண்டியின் கியர்பாக்ஸ் எம்க்யூ 200, பெயரிலிருக்கும் 200 அது தாங்க வேண்டிய என்எம் அளவைக் குறிக்கிறது. 250 என்எம் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அது எஞ்சினால் முடியும், கியர்பாக்ஸ் பற்றி அவர் பேசவில்லை.

இரண்டாவது, காற்று சூடேறும்போது பூஸ்ட்டைக் குறைக்கும் பாதுகாப்பு அட்டவணைகளைத் தொடக்கூடாது. சிலர் எண் குறையக் கூடாது என்று இதை அணைத்துவிடுகிறார்கள். நம்ம ஊர் வெயிலில் அதுதான் எஞ்சினின் உயிர்.

மூன்றாவது, பட் பட் என்று சைலன்சரில் வெடிக்கும் சத்தம் வேண்டாம். எரியாத பெட்ரோலைச் சூடான குழாயில் அனுப்பித்தான் அந்தச் சத்தம் வருகிறது, கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) உருகிப் போகும்.

நாலாவது, கம்பெனி மேப்பின் காப்பியை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். சர்வீஸ் சென்டரில் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டால் உங்கள் மேப் அழிந்துவிடும். ஃபோக்ஸ்வேகன் குழும வண்டிகளில் எத்தனை தடவை ஈசியு எழுதப்பட்டது என்ற கணக்கும் தெரியும், மாற்றியது தெரிந்தால் டிடி1 என்று குறியிட்டுவிடுவார்கள், அதற்கப்புறம் எஞ்சின், கியர்பாக்ஸுக்கு வாரண்டி கேட்க முடியாது. வாரண்டி முடியும் வரை காத்திருப்பது நல்லது, நான் காத்திருந்தேன்.

ஃபைல் ஏற்றும்போது பேட்டரியில் சார்ஜர் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பாதியில் வோல்டேஜ் இறங்கினால் ஈசியு செத்துவிடும்.

என் வண்டியில் நடந்தது

மேப் போட்டு இரண்டு மாதம் நன்றாக ஓடியது. மார்ச்சில் ஒரு பைக் இடித்து முன் பம்பர் உடைந்தது, ஒரு ஒர்க்ஷாப்பில் விட்டு மாற்றினேன். ஏப்ரல் கடைசியில் ஓசூர் போகும்போது சூளகிரிக்கு முன்னால் வண்டி செத்த மாதிரி ஆகிவிட்டது. மிதித்தால் போகிறது, ஆனால் தூக்கம் கலையாதவன் மாதிரி. மேப்தான் கோளாறு என்று நினைத்து ட்யூனருக்கு போன் செய்தேன். "தம்பி, முதல்ல காத்து சூட்டை அனுப்புங்க" என்றார்.

லாக்கைத் திறந்தால் வெளியே 37 டிகிரி, மானிஃபோல்டுக்குள் 78. மூன்றாவது சிலிண்டரில் ரிடார்ட் ஏழு டிகிரி. ஜனவரி லாக்கில் இதே இடத்தில் காற்று 50க்குக் கீழே.

இந்த எஞ்சினில் இன்டர்கூலர் முன்னால் பம்பருக்குப் பின்னே இருக்காது. இன்டேக் மானிஃபோல்டுக்குள்ளேயே இருக்கும், தண்ணீரால் ஆறுவது. அந்தத் தண்ணீருக்கு முன்னால் தனியாக ஒரு சின்ன ரேடியேட்டர், தனியாக ஒரு மின்சார பம்ப். பெரிய இன்டர்கூலர் வாங்கி மாட்டுங்கள் என்று யாராவது சொன்னால், முதலில் உங்கள் வண்டியில் எந்த வகை என்று பாருங்கள், இந்த வகையில் அது சும்மா கழற்றி மாட்டுகிற வேலை அல்ல.

ஓசூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் பானெட்டைத் திறந்தார், எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார், அப்புறம் அந்தச் சின்ன ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸ், வரும் ஹோஸ் இரண்டையும் இரண்டு கையால் பிடித்தார். "தொட்டுப் பாருங்க" என்றார். ஒன்று கை வைக்க முடியாத சூடு, இன்னொன்று குளிர்ந்து கிடந்தது. தண்ணீர் சுற்றவே இல்லை. பம்பர் வேலையில் கூலன்ட்டை இறக்கிவிட்டு மறுபடி ஊற்றியபோது காற்றை வெளியே எடுக்கவில்லை, ஏர் லாக். வேக்கம் வைத்துக் காற்றை உறிஞ்சி, கூலன்ட்டை நிரப்பி, ஸ்கேனரில் பம்ப்பைத் தனியாக ஓடவிட்டுப் பார்த்தார். ஒன்றரை மணி நேரம். திரும்ப மறுநாள் அதே நேரம், அதே ஏற்றம்: 56 டிகிரி, ரிடார்ட் ஒன்றரை. வண்டி பழைய மாதிரி ஆகிவிட்டது.

லாக் இல்லாமல் இருந்திருந்தால் மேப்பை மாற்றியிருப்பேன், பிளக்கை மாற்றியிருப்பேன், ஒருவேளை டர்போவையே கழற்றச் சொல்லியிருப்பேன். முன்பக்கத்தில் யார் கை வைத்தாலும், திரும்ப வாங்கும்போது இந்த இரண்டு ஹோஸையும் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மற்ற பொருட்கள்

ஏர் ஃபில்டர். பானெட்டுக்குள் திறந்து நிற்கும் கூம்பு ஃபில்டர் சத்தம் நன்றாக இருக்கும், ஆனால் எஞ்சின் சூட்டைத்தான் குடிக்கும். இத்தனை நேரம் சூட்டோடு போராடியதெல்லாம் வீண். போதாததற்கு பர்கூர், கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் தூள் காற்றிலேயே இருக்கிறது, கல் ஏற்றிய லாரிக்குப் பின்னால் பத்து நிமிடம் போனாலே கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். டர்போவின் இறக்கைகளுக்கு அந்தத் தூள் உப்புத்தாள் மாதிரி. கம்பெனிப் பெட்டியை அப்படியே வைத்து, உள்ளே நல்ல பேனல் ஃபில்டர் போடுங்கள், குறிப்பிட்ட தூரத்தில் பாதியிலேயே மாற்றுங்கள்.

எக்ஸாஸ்ட். கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை எடுக்காதீர்கள். எடுத்தால் புகைச் சோதனையில் சிக்கும், சட்டப்படி தப்பு, பின்னால் வருகிறவர் மூச்சில் போகிறது. ஸ்டேஜ் 1க்கு அது தேவையே இல்லை.

கிளட்ச். ரீமேப்புக்கு அப்புறம் ஐந்தாம் கியரில் 2,200 ஆர்பிஎம்மில் முழுசாக மிதித்துப் பாருங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளி ஏறி வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. ஒரு தடவை வழுக்க ஆரம்பித்தால் பிளேட் சூடேறி நாளுக்கு நாள் மோசமாகும். அப்போது இரண்டு வழி, டார்க்கைக் குறைக்கச் சொல்லி மேப்பை மாற்றுவது, அல்லது பலமான கிளட்ச் போடுவது. நான் முதல் வழியைச் சொல்வேன், பலமான கிளட்ச் போட்டால் அடுத்தது கியர்பாக்ஸ்தான் பலி.

சஸ்பென்ஷனை இறக்குவது உங்கள் விருப்பம். ஆனால் பாலக்கோடு, ராயக்கோட்டை சாலையில் அடையாளமே போடாத வேகத்தடைகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நல்ல டேம்பர் (ஷாக் அப்சார்பர்) மட்டும் மாற்றி உயரத்தைத் தொடாமல் விடுவதே எனக்குப் பிடித்தது. ஆயில் வெப்பம் காட்டும் ஒரு சின்ன கேஜ் மட்டும் கட்டாயம் வையுங்கள். பூஸ்ட் கேஜ் பார்க்க அழகு, ஆயில் கேஜ்தான் உபயோகம். ஆயில் 80 டிகிரி ஏறும் வரை மிதிக்காதீர்கள். ஏற்றம் ஏறி முடித்து டீக்கடையில் நிறுத்தும் முன், கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர் மெதுவாக வாருங்கள், டர்போவின் பேரிங்கில் நிற்கும் ஆயில் வெந்து கருகாமல் இருக்கும். ஆறாம் கியரில் 1,500 ஆர்பிஎம்மில் ஏற்றத்தில் மிதிக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள், கியரை இறக்கி மிதியுங்கள்.

சட்டம்

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவின்படி கம்பெனி கொடுத்த அமைப்பை அனுமதியில்லாமல் மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவுப்படி மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்து, பதிலை வாங்கி வையுங்கள். விபத்து நடந்தபின் அவர்களாகக் கண்டுபிடித்தால் க்ளெய்ம் நின்றுவிடலாம். வண்டியின் முழு வேகத்தைப் பார்க்கும் ஆசை இருந்தால் அதற்கு டிராக் இருக்கிறது.

எல்லாம் முடிந்தபின் வருடத்துக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஜனவரியில் ஒன்று, ஏப்ரல் கடைசியில் ஒன்று. அதே ஏற்றம், அதே கியர், அதே ஆள் எடை, டேங்க் பாதி. இரண்டு லாக்கையும் போனில் தேதி போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஜனவரி கோடும் ஏப்ரல் கோடும் போன வருடத்தைவிட விலகிப் போயிருந்தால், பானெட்டைத் திறந்து முதலில் தொட வேண்டியது அந்த இரண்டு ஹோஸ்.